காற்று வரைந்த எல்லை

கடலூர்க் கரையில் கோடைக்காலக் காற்று ஒரே பகலில் திசை மாறும். விடியற்காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வரும். வெயில் ஏற ஏற அது அனலாகும். உச்சிப்பொழுதை ஒட்டி ஓய்ந்துவிடும். சவுக்குத் தோப்பில்கூட ஓசை இருக்காது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கிழக்கே கடலிலிருந்து உப்பும் ஈரமுமாகக் கடற்காற்று நுழையும். சிதம்பரத்துக்கு அது வந்துசேர இன்னும் சற்று நேரம் பிடிக்கும். இந்த மாற்றத்தை நான் முதலில் உடம்பால் அறிந்தேன், அடுத்து ஒரு துப்பாக்கியின் வழியாக அறிந்தேன், கடைசியாகப் புத்தகத்தில் படித்து அறிந்தேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தேன். சொந்த ஊர் கடலூர். விடுதி அண்ணாமலை நகரில். படிப்போடு என்.சி.சி.யிலும் சேர்ந்திருந்தேன். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவதும், பூட்ஸைப் பளபளக்கத் தேய்ப்பதும், பரேடு முடிந்து தரும் பூரிக்காகக் காத்திருப்பதும் எல்லாருக்கும் பொதுவான அனுபவங்கள். என்னை அங்கே பிடித்து நிறுத்தியது ஃபயரிங். குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் பதித்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலுக்குத் தெரியாமல் டிரிகரை அழுத்தும் அந்த நொடியில் மனம் அடங்கிவிடும். வேறு எந்த வேலையிலும் அப்படி அடங்கி நான் கண்டதில்லை.

தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது .22 ரைஃபிள், தூரம் 25 கஜம். ஐந்து தோட்டாக்களும் ஒரே இடத்தில் கொத்தாக விழ வேண்டும். அதற்கு குரூப்பிங் என்று பெயர். அந்தத் தூரத்தில் காற்றுக்குப் பெரிய வேலை இல்லை. கை, கண், மூச்சு மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும். துப்பாக்கி சுடுவது என்றால் அவ்வளவுதான் என்று நாங்கள் எண்ணியிருந்த நாட்கள் அவை.

50 மீட்டருக்குப் போனால் நிலைமை வேறு. பன்னாட்டுப் போட்டிகளில் அந்தத் தூரத்து இலக்கின் நடு வட்டம், அதாவது பத்து மதிப்பெண் வட்டம், 10.4 மில்லிமீட்டர் அகலம்தான். மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று .22 தோட்டாவை அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் ஒதுக்கிவிடும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். அவ்வளவு காற்றை நம் ஊரில் யாரும் காற்று என்றே சொல்ல மாட்டார்கள். கொடியில் போட்ட வேட்டி லேசாக அசையும் காற்று அது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு ஹவில்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர், தென் மாவட்டத்தவர். நாங்கள் அவரை ‘ஸ்டாஃப்’ என்று அழைப்போம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி பெற்று, வடக்கே உயரமான மலைகளில் பணியாற்றிவிட்டு, எங்களைப் போன்ற பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்திருந்தார். ரேஞ்சுக்குள் கால் வைத்ததும் அவர் துப்பாக்கியைத் தொட மாட்டார். குனிந்து ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைக் கிள்ளி, தோள் உயரத்திலிருந்து உதிர்ப்பார். அது போய் விழும் இடத்தைப் பார்ப்பார். பிறகு பாதி தூரத்தில் புழுதி எப்படி நகர்கிறது, இலக்குக்குப் பின்னாலுள்ள மரங்கள் எப்படி அசைகின்றன என்று பார்ப்பார். மூன்று இடத்திலும் காற்று ஒன்றாக இருக்காது.

“தம்பி, தோட்டாவுக்குக் கண்ணு கெடையாது. வாயிலேர்ந்து புறப்பட்டுட்டா அது காத்தோட சொத்து. நீ பாக்கறதையெல்லாம் புறப்படறதுக்கு முன்னால பாத்துக்கணும்” என்பார்.

ஒரு கோடை முகாமில், கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால் மண்மேடு எழுப்பிய ரேஞ்ச் ஒன்றில், எங்களை 100 கஜத்தில் .303 ரைஃபிளால் சுட விட்டார்கள். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த பழைய லீ என்ஃபீல்டு. தோளில் அது கொடுக்கும் உதையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. எங்கள் முறை முடிந்ததும் படைவீரர்கள் 300 கஜத்திலிருந்து சுட்டார்கள். அப்போது எங்களுக்கு ‘பட் பார்ட்டி’ வேலை. இலக்கு நிற்கும் மேட்டுக்குக் கீழே ஆழமான பதுங்குகுழியில் உட்கார்ந்து, மரச்சட்டத்தில் ஒட்டிய இலக்கை மேலே தூக்கிவிட வேண்டும். சுட்டதும் இறக்கி, துளைகளை எண்ணி, மைதாப் பசையில் காகிதத் துண்டு ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் குழியில் கற்றதை எந்த வகுப்பறையிலும் நான் கற்றதில்லை.

தலைக்கு மேலே முதலில் ‘பட்’ என்று சாட்டை சொடுக்கியதுபோல் ஓர் ஓசை கேட்கும். அது துப்பாக்கியின் ஓசை அல்ல. ஒலியை முந்திப் பறக்கும் தோட்டா தன் மூக்கில் சுமந்துவரும் அதிர்வலை. அது அடங்குவதற்குள் தொலைவிலிருந்து ‘தும்’ என்று கனத்த வெடியோசை வரும். அதுதான் துப்பாக்கியின் குரல். 300 கஜத்தைத் தோட்டா கடக்க அரை விநாடிக்கும் குறைவாக ஆகிறது. ஒலி கடக்க முக்கால் விநாடிக்கு மேல் ஆகிறது. இடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடி. ஓசை இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்தே சுடுபவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்று பழைய சிப்பாய்கள் கணக்கிடுவார்கள் என்றார் ஸ்டாஃப். காற்று வழியாகத்தான் தோட்டா வருகிறது, அதைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்பது அன்றைக்கு என் காதில் ஏறியது. அதுவரை கரும்பலகையில் தோட்டா வெற்றிடத்தில் பறந்துகொண்டிருந்தது. பேராசிரியர் பரவளையம் வரைவார், ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதுவார், நாங்களும் எழுதிக்கொள்வோம்.

விடியற்காலையில் சுட்டவர்களின் துளைகள் இலக்கில் ஓரிடத்தில் கூடின. வெயில் ஏறியபின் அதே ஆட்கள், அதே துப்பாக்கி, அதே தோட்டாப் பெட்டி. துளைகள் சற்றே மேலே ஏறியதுபோல் தோன்றின, பரவவும் செய்தன. உச்சி வேளை முடிந்து கடற்காற்று இறங்கியதும் கொத்து ஒரு பக்கமாக நகர்ந்தது. குழியிலிருந்து நாங்கள் கொடியசைத்துக் காட்ட, அங்கே சுடுபவர்கள் குறியை மாற்றினார்கள். அன்று மாலை தேநீர் குடிக்கும்போது ஸ்டாஃப் சொன்ன விளக்கத்தையும், பின்னால் நானே உட்கார்ந்து போட்ட கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெப்பம் மூன்று இடத்தில் கை வைக்கிறது. முதலாவது, தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து. சூடான மருந்து வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் கூடும். தோட்டா கூடுதல் வேகத்தோடு புறப்படும். மருந்தின் வகையைப் பொறுத்து இது மாறும் என்றாலும், பழைய மருந்துகளில் ஒரு டிகிரி செல்சியசுக்கு விநாடிக்கு அரை மீட்டர் என்பது ஒரு தோராயக் கணக்கு. பதினைந்து டிகிரி ஏறினால் ஏழெட்டு மீட்டர் கூடும். .303 தோட்டாவின் தொடக்க வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர். அதில் இது நூற்றில் ஒரு பங்கு. தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்காதே, தோட்டாவைச் சூடான குழலுக்குள் போட்டுக் காத்திருக்காதே என்று ஸ்டாஃப் சத்தம் போடுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி. சூடான காற்று விரியும், மெலியும். கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 35 டிகிரியில் அது 1.15 கிலோவுக்குச் சற்றுக் கீழே இறங்கும். மார்கழி விடியலுக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே நம் கரையில் ஆறேழு சதவீதம் வித்தியாசம் வரும். மெலிந்த காற்று தோட்டாவைக் குறைவாகத் தடுக்கும். தோட்டா வேகத்தைக் குறைவாக இழக்கும். அதனால் குறைவாகத் தாழும். 100 கஜத்தில் இது கண்ணுக்கே தெரியாது. 300 கஜத்தில் மருந்தும் காற்றும் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தலாம். அதுவும் துப்பாக்கியின் இயல்பான சிதறலுக்குள் மறைந்துவிடும். ஆயிரம் கஜத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே .303 தோட்டா போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். அதற்குள் குழல் காட்டிய நேர்கோட்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும். அந்தத் தூரத்தில் காலைக்கும் மதியத்துக்கும் அரை மீட்டர் அளவுக்கு வேறுபாடு வந்துவிடும். காலையில் நடுவில் பட்டது மதியம் தலைக்கு மேல் போகும்.

மூன்றாவது, கண். வெந்த தரையை ஒட்டிய காற்று அடுக்கடுக்காகச் சூடேறி ஒளியை வளைக்கிறது. சாலையில் நீர் தேங்கியதுபோல் தெரியும் கானல் அதே வேலைதான். ரேஞ்சில் இலக்கு நெளியும், மிதக்கும், உண்மையான இடத்திலிருந்து சற்று விலகித் தெரியும். ஆனால் தேர்ந்த சுடுநர்களுக்குக் கானல் ஒரு வழிகாட்டி. தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னே குவித்துப் பார்த்தால் கானலின் அலைகள் ஓடும் திசை தெரியும். அதுவே காற்றின் திசை. அலைகள் படுத்து ஓடினால் காற்று வேகம். சாய்ந்து ஓடினால் மிதம். செங்குத்தாகக் கொதித்தால் காற்று ஓய்ந்திருக்கிறது, அல்லது நேர் எதிரிலோ நேர் பின்னாலோ வீசுகிறது. கொதிக்கும்போது சுடாதே என்பது ஸ்டாஃப் விதித்த சட்டம். கொதிப்பு முடிந்து காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த நொடியில் யாருக்கும் தெரியாது.

அன்று தேநீர் வட்டத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. மதியப் புழுக்கத்தில் காற்று கனமாக இருக்கிறதே, தோட்டாவை அது கூடுதலாகத்தானே தடுக்க வேண்டும் என்று ஒரு நண்பன் கேட்டான். நம் எல்லார் உடம்பும் அப்படித்தான் சொல்கிறது. உண்மை நேர்மாறானது. நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜனுடையது 32, நீராவியுடையது 18. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது. ஆகவே நீராவி நுழைந்தால் கனமான மூலக்கூறுகள் வெளியேறி லேசானவை அவற்றின் இடத்தில் உட்காருகின்றன. ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசானது. 35 டிகிரி வெப்பமும் கடலோர ஈரமும் சேர்ந்தால் இந்தக் குறைவு ஒன்றரை சதவீதம் வரை போகும். சிறிய அளவுதான். ஆனால் உடம்பு சொல்வதும் இயற்கை செய்வதும் எப்படி எதிரெதிராக இருக்கின்றன என்பதை எனக்குக் காட்டிய முதல் எடுத்துக்காட்டு அது.

உயரம் கூடினாலும் இப்படித்தான் காற்று மெலியும். வெலிங்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலூர்க் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மலையிலிருந்து சமவெளிக்கு வந்து அதே அளவுகோலை வைத்துச் சுட்டால் நெடுந்தூரத்தில் தோட்டா தரையைக் கொத்தும் என்பார் ஸ்டாஃப். பல ஆண்டுகள் கழித்து, 1999இல் கார்கில் மலைகளில் நம் பீரங்கிகள் சமவெளிக் கணக்கைத் தாண்டி எறிந்த செய்திகளைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது பக்கக்காற்றுக் கணக்கு. தோட்டா காற்றோடு மிதந்து போகும் சருகு அல்ல. மிதந்தால், விநாடிக்கு 4 மீட்டர் காற்றில், இரண்டு விநாடிப் பயணத்தில் ஏழெட்டு மீட்டர் ஒதுங்க வேண்டும். அப்படி ஒதுங்குவதில்லை. காற்றே இல்லாத வெளியில் ஆயிரம் கஜத்தைக் கடக்க அந்தத் தோட்டாவுக்கு 1.2 விநாடி போதும். காற்றுக்குள் ஏறத்தாழ 1.9 விநாடி ஆகிறது. இடையில் இழந்த முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் இருக்கிறதே, அதைத்தான் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். விடை இரண்டரை மீட்டரை ஒட்டி வரும். அதாவது, காற்று தோட்டாவை எவ்வளவு தாமதப்படுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் அதைத் திருப்பவும் முடிகிறது. தடையும் விலகலும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள். இதைக் கண்டுபிடித்த இரவில் விடுதி அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேவனாம்பட்டினத்தில் என் தாய்மாமன் இருந்தார். கட்டுமரத்தில் போய்வந்தவர். துப்பாக்கியை அவர் கண்டதில்லை. காற்றைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர யாருக்கும் எதுவும் இல்லை. முகாம் முடிந்து வீட்டுக்குப் போன அன்று நடந்ததைச் சொன்னேன்.

“கடக்காத்து மதியத்துக்கு மேலதான் திரும்பும் மருமவனே. அதுக்கு முன்னால ஒரு நாழி செத்துக் கெடக்கும். அந்த நேரத்துல பாயைத் தூக்கினா பாய் பேசாது. மேகாத்து பலமா இருக்கற அன்னிக்குக் கடக்காத்து நேரங்கழிச்சு வரும். சில நா வராமலே போயிடும்” என்றார்.

“அது எப்படி மாமா முன்கூட்டியே தெரியும்?”

“காலையில மணல்ல கால வெச்சாத் தெரியும்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. மேற்குக் காற்று வலுவாக இருந்தால் அது கரைக்கு வெளியே தடுக்கப்படுகிறது. ஸ்டாஃபும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருவரும் வாழ்ந்தது ஒரே படிப்பைக் கொண்டு. காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, அது செய்யும் வேலையைப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருந்தால் அது அடுத்து என்ன செய்யும் என்று சொல்லலாம்.

அந்த ஆர்வத்தோடு பல்கலைக்கழக நூலகத்தில் புகுந்தேன். இயந்திரவியலின் வரலாறு பற்றிய ஒரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பறக்கும் குண்டுகளுக்குக் காற்று தரும் தடையை முதன்முதலில் சரியாக அளந்தவர் என்று பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயர் வந்தது. பிறப்பு 1707, பாத் நகரம். இறப்பு 1751 ஜூலை 29, செயின்ட் டேவிட் கோட்டை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செயின்ட் டேவிட் கோட்டை என்பது எங்கள் தேவனாம்பட்டினம். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மாமா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சிறுவயதில் நான் விளையாடிய இடிபாடு.

ராபின்ஸ் எளிய குடும்பத்தில் பிறந்து, பெரும்பாலும் தானாகவே கணிதம் படித்தவர். இருபது வயதில், 1727இல், லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். அவர் காலத்துப் பீரங்கிக்காரர்கள் கலிலியோவின் பரவளையத்தை நம்பினார்கள். இரும்புக் குண்டு கனமானது, காற்று லேசானது, ஆகவே காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். ராபின்ஸ் அதை வாதத்தால் மறுக்கவில்லை, ஒரு மரக்கட்டையால் மறுத்தார். கனத்த கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டு அதில் சுட்டார். குண்டு பட்டதும் ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை ஒரு நாடாவால் அளந்தார். குண்டின் எடையும் கட்டையின் எடையும் தெரியும். ஆட்டத்திலிருந்து குண்டின் வேகம் கிடைத்தது. மனிதர் கண்ணுக்கு அகப்படாத வேகம் முதன்முறையாக எண்ணாக மாறியது. பிறகு ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். தொலைவு கூடக்கூட வேகம் குறைந்தது. அந்தக் குறைவுதான் காற்றின் வேலை.

விடை அவர் காலத்தவரை அதிர வைத்தது. விநாடிக்கு ஐந்நூறு மீட்டர் வேகத்தில் போகும் துப்பாக்கிக் குண்டைக் காற்று பிடித்து இழுக்கும் விசை, அந்தக் குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று ஏறுவதையும் அவர் கண்டார். சுழலும் குண்டு காற்றில் வளைந்து போவதை, குழலை வேண்டுமென்றே வளைத்துச் சுட்டுக் காட்டினார். ஊசல் ஆய்வுகளை 1742இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய விளக்கங்களைச் சேர்த்தார். 1746இல் ராயல் சொசைட்டி ராபின்சுக்குத் தன் உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை வழங்கியது. குழலுக்குள் திருகு வரிகள் வெட்டிய துப்பாக்கியை எந்த நாடு முதலில் முழுமைப்படுத்துகிறதோ அது மற்றப் படைகளை மிஞ்சும் என்றும் அவர் முன்னறிந்து எழுதினார். நான் தோளில் ஏந்திய லீ என்ஃபீல்டு அந்த முன்னறிவிப்பின் பிள்ளை.

அதே 1746இல் இங்கே பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. இந்தியக் கோட்டைகளைப் பலப்படுத்தப் பொறியாளர் தேவைப்பட்டார். ராபின்ஸ் அந்தப் பணியை ஏற்று 1750இல் இங்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டது. தேறினார், திட்டங்கள் வரைந்தார், மீண்டும் விழுந்தார். கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதவேண்டிய அறிக்கைக்காகக் கையில் பேனாவோடு இருந்தபோதே உயிர் பிரிந்ததாக அவர் வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. வயது 44. அடுத்த மாதம் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குப் படை நடத்தினார். கிளைவின் பெயரை ஒவ்வொரு பள்ளிப் புத்தகமும் அறியும். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். ராபின்ஸ் அங்கே இறந்தார் என்று சொல்லும் ஒரு கல்லை நான் இன்றுவரை அங்கே பார்த்ததில்லை.

அந்தக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்த விதமே ஒரு துப்பாக்கிக் கணக்கு. 1690இல் மராட்டியரிடமிருந்து அதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்து என்பது ஒப்பந்தம். ஒவ்வொரு திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லையாயிற்று. அந்த வட்டத்துக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றைக்கும் அந்தக் கணக்கைச் சுமக்கின்றன. கடலூரில் பஸ் ஏறுகிறவர்கள் தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள்.

பிற்காலத்தில் நான் இயற்பியல் ஆசிரியரானேன். எறிபொருள் இயக்கம் நடத்தும்போதெல்லாம் இந்த எல்லையைத்தான் கரும்பலகையில் போடுவேன். முழு மருந்தோடு சுட்ட 24 பவுண்டுக் குண்டு, காற்றே இல்லாவிட்டால், 45 டிகிரி சாய்வில் 16 மைல் போக வேண்டும் என்று ராபின்ஸ் கணக்கிட்டார். உண்மையில் அது மூன்று மைலைக்கூட எட்டுவதில்லை என்றும் எழுதினார். பதினாறு மைல் என்றால் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். வடக்கே புதுச்சேரி அந்தத் தொலைவுக்குள் அடங்கிவிடும். தெற்கே எல்லை பரங்கிப்பேட்டையை நெருங்கியிருக்கும். மேற்கே எத்தனை ஊர்கள் என்று மாணவர்களை வரைபடத்தில் எண்ணச் சொல்வேன். காற்று தடுத்ததால் எல்லை கோட்டையிலிருந்து சில கிலோமீட்டரில் நின்றது. அந்த ஊர்களையெல்லாம் அன்றைக்கு வெளியே நிறுத்தியது காற்று.

அதோடு இன்னொரு கணக்கும் கொடுப்பேன். சுட்ட நேரம் விடியலாக இருந்திருந்தால் என்ன, வெயில் நேரமாக இருந்திருந்தால் என்ன? பத்து டிகிரி வேறுபாடு காற்றின் அடர்த்தியை மூன்று சதவீதம் குறைக்கும். நான்கு கிலோமீட்டர் போகும் குண்டு எண்பது மீட்டர், நூறு மீட்டர் கூடுதலாகப் போகும். கோட்டையைச் சுற்றிலும் அந்த அகலத்துக்கு ஒரு வளையம் போட்டுப் பாருங்கள் என்பேன். எத்தனை வயல், எத்தனை வீடு, எத்தனை கிணறு அதற்குள் வரும்? ஒரு குடும்பம் யாருக்கு வரி கட்ட வேண்டும் என்பதை ஒரு பகலின் வெப்பம் மாற்றியிருக்க முடியும். மாணவர்கள் அந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்வார்கள். ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்ற வரியை அதன் பிறகு அவர்கள் யோசிக்காமல் எழுத மாட்டார்கள்.

இன்று கையடக்கக் கருவி ஒன்று வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கையும் அளந்து, எவ்வளவு உயர்த்திச் சுட வேண்டும் என்று சுடுநருக்குச் சொல்லிவிடுகிறது. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள வானிலை நிலையங்கள் அதே அளவுகளை நாள்தோறும் குறித்துவைக்கின்றன. எண்கள் எளிதாகக் கிடைக்கும் காலம் இது. ஆனால் கருவி தான் இருக்கும் இடத்துக் காற்றைத்தான் அளக்கும். பாதி வழியிலும் இலக்கிலும் காற்று என்ன செய்கிறது என்பதை இன்றைக்கும் சுடுபவர் புழுதியிலும் மரத்திலும் கானலிலும்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாஃப் கற்றுத்தந்த பாடம் அதனால் பழையதாகவில்லை.

ராபின்சைப் பற்றிப் பேசும்போது, கம்பெனிக்குக் கோட்டை கட்ட வந்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று மாணவர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. அவர் அறிவு ஆயுதங்களைக் கூர்மையாக்கியது. அந்த ஆயுதங்கள் நம் மண்ணில் என்ன செய்தன என்பதை நான் அவர்களுக்கு மறைத்ததில்லை. ஆனால் காற்று பொருள்களைத் தடுக்கும் விதத்தை அளக்க அவர் காட்டிய வழி, விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் காற்றாலைக்கும் அடிப்படையான ஆய்வுகளில் ஒன்று. அதைச் செய்தவர் எங்கள் ஊரில் முடிந்தார் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிந்திருந்தால், இயற்பியல் வேறு யாருடைய ஊரிலோ நடந்த சங்கதி என்று எண்ண மாட்டார்கள்.

தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்குப் போகும் வழியில் ஒரு பலகை வைக்க மாநகராட்சிக்கு அதிகச் செலவாகாது. பறக்கும் குண்டுகளுக்குக் காற்று தரும் தடையை முதலில் சரியாக அளந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1751இல் இங்கே இறந்தார் என்று அதில் எழுத வேண்டும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 1690இல் ஒரு பீரங்கிக் குண்டின் தூரத்தை வைத்து அளந்து எடுக்கப்பட்ட கிராமங்களின் பெயர்களும் வரிசையாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளை, அந்தக் குண்டு ஏன் அங்கே போய் விழுந்தது என்று தன் ஆசிரியரிடம் கேட்கும். கேட்டால் போதும், பாடம் அங்கிருந்து தொடங்கிவிடும்.